பாரில் உட்கார்ந்த பிள்ளை, பின்னால் வரும் பிள்ளை



இந்தக் காலாண்டு இதழுக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டார். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சரித்திரம் எழுதுவதென்றால் பல்லவர், சோழர், கைலாசநாதர் கோவில் என்றுதான் எழுத வேண்டும். நான் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். அதிலும், பெரியவர் ஓட்டும் சைக்கிளோடு சின்னக் குழந்தை எப்படிப் பயணம் செய்தது என்பது பற்றி மட்டும்.

காரணம் உங்களுக்கே தெரியும். நம் குடியிருப்பில் ஒரு தகப்பனார் தன் சைக்கிளுக்குப் பின்னால் ஓர் இரும்புக் குழாயை மாட்டி, அதில் தன் 5 வயது மகளின் சின்ன சைக்கிளைக் கோத்துக்கொண்டு காலையில் வலம் வருகிறார். குழந்தையும் பின்னால் உட்கார்ந்து பெடல் மிதிக்கிறது. சிலர் கைதட்டினார்கள். சிலர் "இது ஆபத்து, காம்பவுண்டுக்குள் அனுமதிக்கக் கூடாது" என்று சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வரும் பொதுக்குழுவில் இது விவாதத்துக்கு வருகிறது. கை தூக்குவதற்கு முன் பழைய கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம் என்பதே என் வேண்டுகோள். வங்கியில் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

ஒரு தகப்பனார் செய்த டயர்

முதல் பதிவு அயர்லாந்தில் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய மகன் மூன்று சக்கர வண்டி ஓட்டுவான். அந்தக் காலத்துச் சக்கரங்களில் கெட்டி ரப்பர்தான் இருக்கும். கல் பாவிய தெருவில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கும். பையனுக்கு அலுங்காமல் இருக்க வேண்டுமே என்று ரப்பர் குழாயில் காற்று அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார் டன்லப். 1888-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இதே யோசனைக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தது பிறகு தெரியவந்தது. ஆனாலும் காற்றடைத்த டயர் ஊர் ஊராகப் பரவியது டன்லப்புக்குப் பிறகுதான்.

இன்று நம் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் எல்லா வண்டியும் அந்த டயரின் மேல்தான் நிற்கிறது. குழந்தையை ஏற்றிக்கொண்டு போக ஏதாவது செய்து பார்க்கும் தகப்பனார்கள் புதிதாக முளைத்தவர்கள் அல்ல என்பதற்காக இதை முதலில் சொன்னேன்.

பார் என்னும் முன்சீட்டு

சுதந்திரத்துக்கு முன் நம் பக்கம் ஓடியதெல்லாம் சீமை சைக்கிள். ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஹம்பர் என்று பெரிய மனிதர்கள் வீட்டுத் திண்ணை ஓரமாக நிற்கும். சாமானியர் கைக்கு சைக்கிள் வந்தது பிறகுதான். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. நம் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத அம்பத்தூரில் தொழிற்சாலை அமைந்தது. 1951-ல் அங்கிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள் வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டு வடக்கே சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. அரசு ஊழியர்களுக்கு சைக்கிள் வாங்கவென்றே முன்பணம் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மத்திய அரசில் அந்த முன்பணம் 2016-ல் ஏழாவது சம்பளக் கமிஷனோடு முடிவுக்கு வந்தது. சைக்கிளுக்குக் கடன் கேட்பார் இல்லாமல் போய்விட்டது என்று பொருள்.

அந்த உயரமான கறுப்பு சைக்கிளை நினைத்துப் பாருங்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே படுக்கை வாட்டில் ஒரு குழாய் போகும். அதைத்தான் 'பார்' என்போம். சில வண்டிகளில் இரட்டை பார் இருக்கும். பாரம் தாங்க, ஃப்ரேம் வளையாமல் இருக்க வைத்த குழாய் அது. நம்மவர் அதையே குழந்தையின் முன்சீட்டாக ஆக்கிக்கொண்டார்கள். ஒரு துண்டை மடித்துப் பாரில் சுற்றினால் மெத்தை. குழந்தையின் இரண்டு கையும் ஹேண்டில்பாரின் நடுவில். அப்பாவின் இரண்டு கையும் இரு பக்கத்து வேலி. மணி அடிக்கும் உத்தியோகம் குழந்தைக்கு. இன்னும் சின்னக் குழந்தை என்றால் பாரில் மாட்டும் சிறு சீட்டு, பிரம்பில் பின்னிய கூடை நாற்காலி எல்லாம் உண்டு. மூத்தது கேரியரில், இளையது பாரில். இல்லையென்றால் கேரியரில் அம்மா, அம்மா மடியில் கைக்குழந்தை.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக்குப் போக அன்று பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வாகனம். நம் ஊர் சமதளம். தேர் ஓடுவதற்காக விட்ட ராஜ வீதிகள் நான்கும் அகலமானவை. மேடு ஏறும் வேலையே இல்லை. வரதர் கோவில் கருட சேவைக்கு விடியற்காலையில் சைக்கிள் பாரில் தூங்கி வழிந்துகொண்டே வந்த குழந்தைகள் இன்று இந்த இதழைப் படிக்கிற தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர்.

பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகளில் சைக்கிளுக்கு இன்னும் வேலை அதிகம். கூட்டுறவு சொசைட்டிக்கு நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், பட்டு நூலும் ஜரிகையும் வாங்கி வருவதும் அதில்தான். அந்த வீடுகளில் குழந்தை பெரியவரோடு சேர்ந்து உட்கார்ந்த இன்னோர் இடமும் உண்டு. அது தறி. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதை நெய்ய ஓர் ஆள் போதாது. கரைக்கு உரிய நாடாவைத் தள்ளித் தர நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பிள்ளை. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவை அதற்குரிய பட்டியலில் சேர்த்தது. ஆனால் சொந்தக் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. தறிக்குழியிலிருந்து அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர எத்தனையோ பேர் பாடுபட வேண்டியிருந்தது. ஆகவே பெரியவரோடு பிள்ளையைக் கோத்துவிடுவதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கே கொண்டுபோகிறோம் என்பதுதான் கேள்வி.

டபுள்ஸும் குதிகாலும்

அன்று சைக்கிளுக்கும் நகராட்சிக்கு வரி கட்ட வேண்டும். 1920-ம் ஆண்டு மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் 'வண்டி' என்பதற்குள் சைக்கிளும் அடக்கம். வரி கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள். அது சைக்கிளில் இருக்க வேண்டும். இரவில் விளக்கு எரிய வேண்டும். பெரியவர்கள் இருவர் போனால் 'டபுள்ஸ்'. போலீஸ்காரர் தலை தெரிந்தால் பின்னால் இருப்பவர் குதித்து இறங்கி, ஒன்றும் தெரியாதவர் போல நடந்து வருவார். குழந்தையோடு போகிறவரைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

பிள்ளையாரைப் போல அப்பா முன்னால் உட்கார்ந்து போனது இனிமையான நினைவுதான். ஆனால் பற்று என்று ஒரு பக்கம் இருந்தால் வரவு என்று மறுபக்கம் இருக்குமே, அதையும் பார்க்க வேண்டும். கேரியரில் இரண்டு பக்கமும் கால் தொங்கப் போட்டு உட்காரும் குழந்தையின் குதிகால், ஓடும் சக்கரத்தின் கம்பிக்குள் போய்விடும். சக்கரம் அதை இழுத்துக்கொண்டுபோய் ஃப்ரேமோடு அழுத்தும். தோல் உரிந்து, சில சமயம் எலும்பும் முறியும். எலும்பு மருத்துவர்கள் இதை 'ஸ்போக் காயம்' என்று தனிப் பெயர் வைத்தே சொல்கிறார்கள். அந்த அளவுக்கு அது சகஜம். பாரில் இருக்கும் குழந்தைக்கும் தூக்கம் வந்தால் பிடி தளரும். திடீரென்று பிரேக் போட்டால் முகம் ஹேண்டில்பாரில் இடிக்கும். அன்று தெருவில் லாரி குறைவு, வேகம் குறைவு என்பதால் பலர் தப்பித்தோம். வண்டி பத்திரமாக இருந்ததால் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாரிலும் கேரியரிலும் போன குழந்தை ஒரு மூட்டைதான். அரிசி மூட்டைக்கும் அதற்கும் மணி அடிப்பது மட்டும் வித்தியாசம். மிதிக்காது, திருப்பாது, பிரேக் பிடிக்காது. 8 வயதுவரை பாரில் போனாலும் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

மணிக்கு நாலணா

அப்படியானால் அந்தக் குழந்தை எங்கே கற்றுக்கொண்டது? வாடகை சைக்கிள் கடையில். கால் சைக்கிள், அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று அளவுவாரியாக நிறுத்தியிருப்பார்கள். மட்கார்டில் பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கும். நோட்டில் பெயரும் எடுத்த நேரமும் குறிப்பார்கள். மணிக்கு நாலணா, எட்டணா. தெரிந்த வீட்டுப் பிள்ளையானால்தான் கொடுப்பார்கள். கோடை விடுமுறை முழுக்க அந்தக் கடை வாசலில் பழி கிடந்தவர்கள் நம்மில் உண்டு.

சின்ன சைக்கிள் கிடைக்காதவன் அப்பாவின் பெரிய சைக்கிளையே எடுப்பான். சீட்டுக்குக் கால் எட்டாது. பாருக்குக் கீழே இருக்கும் முக்கோணத்துக்குள் ஒரு காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு மிதிப்பான். அதன் பெயர் குரங்கு பெடல். 2024-ல் இதே பெயரில் ஒரு தமிழ்ப்படமே வந்தது. ராசி அழகப்பன் எழுதிய 'சைக்கிள்' என்ற சிறுகதையிலிருந்து, கமலக்கண்ணன் இயக்கத்தில் எடுத்த படம். பெரியவருக்கென்று செய்த வண்டியைச் சிறுவன் தன் உடம்பை வளைத்துத் தனக்காக்கிக்கொண்ட வித்தை அது.

பெரியவர் ஒருவர் துணைக்கு இருந்தால் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவார். "விட்றாதீங்கப்பா, விட்றாதீங்கப்பா" என்று குழந்தை கத்தும். "விடலடா, பாத்து ஓட்டு" என்று குரல் மட்டும் வரும். கை எப்போதோ விட்டிருக்கும்.

வாடகைக் கடைப் பையன்கள் செய்யும் ஒரு வேலையும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஒரு சைக்கிளை ஓட்டிக்கொண்டே, இன்னொரு சைக்கிளின் ஹேண்டில்பாரை ஒரு கையால் பிடித்துக் கூடவே உருட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவர் ஓட்ட இரண்டு சைக்கிள் நகரும். ஆனால் அந்த இரண்டாவது சைக்கிளில் யாரையும் உட்கார வைக்க மாட்டார்கள். ஒரு கையால் பிடித்த வண்டியில் ஆள் இருந்தால் இரண்டும் சேர்ந்து விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையால் செய்ததைத்தான் இந்த இரும்புக் குழாய், ஆளை வைத்துக்கொண்டே செய்யப் பார்க்கிறது.

புதுக்கோட்டையில் பாருக்குக் கிடைத்த மரியாதை

அப்பாவின் சைக்கிள் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் சைக்கிளுக்குப் புதுக்கோட்டை போக வேண்டும். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. எங்கள் தொழில் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக இதை எண்ணிக்கொள்கிறேன்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே நேரில் போய் எழுதியவர். அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1996-ல் வந்தது. அவர் பதிவு செய்த செய்திகளில் ஒன்று எனக்கு மறப்பதில்லை. லேடீஸ் சைக்கிள் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். ஆனால் பலர் ஆண்கள் சைக்கிளே மேல் என்றார்களாம். ஏன் தெரியுமா? அதில் பார் இருக்கிறது, பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! புடவைக்கு வசதியாகப் பாரை எடுத்துவிட்டு லேடீஸ் சைக்கிள் செய்தவர்களுக்கு, அம்மாக்களுக்குக் குழந்தையும் உண்டு என்பது தோன்றவில்லை. முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம் என்று போன அந்தப் பெண்களுக்கு, சைக்கிள் வந்த பிறகு அண்ணனையோ கணவரையோ பஸ்ஸையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லாமல் போயிற்று.

பிறகு அரசே பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்தது. 2001-02-ல் பிளஸ் 1 படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுத்தது. அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் கணிசமாகக் கூடினார்கள் என்று பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

இங்கேதான் ஓர் இடைவெளி தெரிகிறது. 3 வயது வரை பாரில் அல்லது சீட்டில் மூட்டை மாதிரி. 9, 10 வயதுக்கு மேல் தனி சைக்கிளில் தனி ஆள். நடுவில் 4 வயது முதல் 8 வயது வரை? தூக்கிப் போக முடியாத கனம், தனியாக விட முடியாத வயது. பழைய நாளில் அந்த வயதுப் பிள்ளைகள் நடந்தார்கள். பின்பக்கம் திறந்த ஸ்கூல் ரிக்ஷாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இன்று ஆட்டோவிலும் வேனிலும் அப்பாவின் பைக்கிலும் போகிறார்கள். பைக்குக்குச் சட்டம் இருக்கிறது. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் பெரியவரோடு பிணைக்கும் பட்டை, குழந்தைக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்று மத்திய அரசு 2022-ல் விதி வெளியிட்டது. 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. சைக்கிளுக்கு அது பொருந்தாது.

இரும்புக் குழாயின் கதை

இந்த இடைவெளியை மற்ற நாட்டுக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். 1930களில் இங்கிலாந்தில் ராண் என்பவர் பெயரில் ஒரு டிரெய்லர் வந்தது. முன்சக்கரமே இல்லாத அரை சைக்கிள் அது. சீட்டு, பெடல், பின்சக்கரம் மட்டும் இருக்கும். அதைப் பெரியவர் சைக்கிளின் பின்னால் மாட்டிவிடுவார்கள். பிள்ளையும் சேர்ந்து மிதிக்கும். பிறகு 1980களின் பிற்பகுதியில் கனடாவில் ஆடம்ஸ் என்பவர் இதே போல் ஒன்று செய்து விற்றார். அது வட அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதற்கும் பிறகு வந்ததுதான் நம் குடியிருப்பில் இப்போது நீங்கள் பார்க்கும் இழுவைக் குழாய். தனியாக அரை சைக்கிள் வேண்டாம். குழந்தையின் சொந்த சைக்கிளையே மாட்டிக்கொள்ளலாம்.

வேலை செய்யும் விதம் எளிது. குழாயின் ஒரு முனை பெரியவரின் சீட்டுத் தண்டில் கிளாம்பு போட்டு இறுகியிருக்கும். அங்கே ஒரு மூட்டு. மேலும் கீழும், இடமும் வலமும் அசையும். மறுமுனை குழந்தையின் சைக்கிள் ஃப்ரேமில். மாட்டியதும் குழந்தையின் முன்சக்கரம் தரையை விட்டுச் சற்று எழும்பிவிடும். இது முக்கியம். முன்சக்கரம் தரையில் இருந்தால் குழந்தை ஒரு பக்கம் திருப்பும், அப்பா ஒரு பக்கம் திருப்புவார், இரண்டும் சாயும். சக்கரம் எழும்பிவிட்டால் திருப்புவது அப்பா மட்டும்; மிதிப்பது இருவரும். சுவிட்சர்லாந்தில் செய்யும் ஒரு வகையில் குழாய் சீட்டுத் தண்டுக்குப் பதில் பின்சக்கர அச்சில் மாட்டிக்கொள்ளும். இழுக்கும் இடம் தாழ்வாக இருப்பதால் ஆட்டம் குறைவு.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மைதானமோ அமைதியான தெருவோ வந்ததும் ஒரு நிமிடத்தில் குழாயைக் கழற்றிவிடலாம். குழந்தை தன் சைக்கிளில் தானே ஓட்டும். திரும்பி வரும்போது களைத்துவிட்டால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஓடி வந்து சீட்டைப் பிடித்த அந்தக் கையை இரும்பில் செய்தது போல.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். பின்னால் பாரம் இருப்பதால் பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். வளைவில் பின் சைக்கிள் உள்பக்கமாகக் குறுக்கே வரும். பெரியவர் தப்பிய கல்லில் குழந்தையின் சக்கரம் ஏறும். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தால் முன்னால் இருப்பவர் முதுகிலேயே அது தெரியும். நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் கேரியர் சீட்டுக்கு நெருக்கமாக இருப்பதால் கிளாம்பு சரியாக உட்காராது. இன்னொன்று: இதில் போனால் மிதிக்கவும் தெருவைப் பார்க்கவும் பழகலாமே தவிர, பேலன்ஸ் அவ்வளவாக வராது. பேலன்ஸுக்குப் பெடலைக் கழற்றிவிட்டுக் காலால் தரையை உந்தி ஓட்டச் செய்வதே சுலபம். 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த முதல் இருசக்கர வண்டியும் பெடல் இல்லாமல் காலால் உந்தி ஓட்டியதுதான்.

நம் முன் இருக்கும் கேள்வி

கடிதம் கொடுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலை 8 மணிக்கு நம் கேட்டில் பள்ளி வேன், தண்ணீர் லாரி, பால் வண்டி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. இரண்டு சைக்கிள் நீளத்துக்கு ஒன்று வருவதை வேன் டிரைவர் எதிர்பார்ப்பதில்லை. பின்னால் இருக்கும் சின்னக் குழந்தை அவர் கண்ணாடியில் தெரியாமல் போகலாம். முகூர்த்தக் காலத்தில் பட்டு எடுக்க வரும் வெளியூர்ப் பஸ்களும் கார்களும் நிறைந்த காந்தி ரோட்டில் இதை ஓட்டினால் நானே தடுப்பேன்.

ஆனால் "காம்பவுண்டுக்குள்ளேயே கூடாது" என்று தீர்மானம் போட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். நம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். பிறந்தநாளுக்கு வாங்கிய சின்ன சைக்கிள்கள் காற்று இறங்கி, செயின் துருப்பிடித்து வரிசையாக நிற்கின்றன. வாங்கிய ஆர்வம் குறையவில்லை. ஓட்டப் பழக்க நேரமும் இடமும் துணையும் இல்லை. வாடகைக் கடை போய்விட்டது. கூடவே ஓடிவரும் தெருவும் போய்விட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் குழந்தையை வேனில் ஏற்றுகிறோம். அந்த வேன்களே சேர்ந்து தெருவைக் குழந்தைகளுக்கு ஆகாததாக்குகின்றன. இந்தக் கணக்கு எப்போதும் நேராகாது.

குழந்தையை மூட்டையாக ஏற்றிப் போனதும் நாம்தான். தனியாக விட்டு, விழுந்து கற்றுக்கொள் என்றதும் நாம்தான். நடுவில் கை கொடுக்கும் வழி ஒன்று வந்திருக்கிறது. அதைத் தடை செய்யாமல், ஒழுங்கு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பொதுக்குழுவின் பரிசீலனைக்கு:

1. காலை 7.30 முதல் 8.45 வரை, வேன் வரும் நேரத்தில், மெயின் கேட் பக்கம் இழுவை சைக்கிள் வேண்டாம். மற்ற நேரம் உள்சாலையில் நடை வேகத்தில் போகலாம்.

2. குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். பின் சைக்கிளில் நீளக் கம்பியில் ஒரு சிறு கொடி. டிரைவர்கள் கண்ணுக்குத் தெரியட்டும்.

3. கயிறு கட்டி இழுப்பது அறவே கூடாது. கயிறு தளரும், பிறகு வெடுக்கென்று இழுக்கும், சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். சில பெரிய பையன்கள் தம்பியின் சைக்கிளை இப்படி இழுப்பதை நான் பார்க்கிறேன். உண்மையில் தடை செய்ய வேண்டியது இதைத்தான்.

4. முன்னால் ஓட்டும் பெரியவரின் சைக்கிளில் இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். கிளம்பும் முன் கிளாம்பை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

5. ஞாயிறு காலை 6 முதல் 7.30 வரை பின்பக்க உள்சாலையை வண்டிகளுக்கு மூடி, குழந்தைகளுக்கு விட்டுவிடலாம். துருப்பிடித்த சைக்கிள்களுக்குக் காற்றடித்து எண்ணெய் போட, மாதம் ஒருமுறை ஒரு சைக்கிள் மெக்கானிக்கை வரவழைத்தால் செலவு பெரிதாக வராது.

ஐந்தாவது யோசனைக்கு ஆட்சேபம் வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் காரை எடுக்க முடியாதே என்பார்கள். அவசரத்துக்கு முன்பக்க வழி திறந்தே இருக்கும். வரதர் தேர் வரும் நாளில் நம் ஊர் எத்தனை வீதிகளை, எத்தனை மணி நேரம் மூடுகிறது! ஒருவரும் முணுமுணுப்பதில்லை. நம் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ரோட்டை ஞாயிறு விடிகாலையில் மூட மனம் வராதா?

சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வர என்னைப் போன்றவர்களுக்கு இப்போது முழங்கால் இடம் தராது. ஆனால் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் குழந்தை எத்தனை சுற்று போனது என்று கணக்கு வைக்க நான் தயார். அந்த வேலைக்கு எனக்கு அனுபவம் உண்டு. பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் கருத்தை எழுதி, சங்க அலுவலகப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.